சம்பந்திக்கு நாலு டஜன் சோடா

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதத்தில் மதராஸ் முழுவதும் வாயுவைப் பற்றித்தான் பேச்சு. ஜப்பான்காரன் விஷவாயு போடுவானா மாட்டானா என்று தெருமுனையில் கூடிக் கூடிப் பேசினார்கள். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். மயிலாப்பூரில் ஏறினவன் தேனாம்பேட்டை போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை இறங்கித் தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மட்டும் இதெல்லாம் பேச நேரமில்லை. என் தங்கைக்கு மாமனாராக வரப்போகிறவரின் வயிற்று வாயுவைப் பற்றிப் பேசவே பொழுது சரியாக இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்திரார், மனைவியை இழந்தவர். தியாகராய நகரில் சொந்த வீடு, ஒரே பிள்ளை, ஒரே பெண். நிச்சயதார்த்தத்தன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: சீர்வரிசையில் முன்பின் இருந்தால் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு பந்தி முடிந்ததும் தனக்கும் தன் மனிதர்களுக்கும் சோடா வந்தாக வேண்டும். சாப்பிட்ட கால் மணிக்குள் சோடா குடித்து ஏப்பம் விடாவிட்டால் நெஞ்சில் வந்து அடைத்துக்கொள்ளுமாம். வயிற்றிலிருக்கும் வாயுவை விரட்ட இன்னும் கொஞ்சம் வாயுவை உள்ளே அனுப்புவது என்ன வைத்தியம் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நாலு டஜன் என்று முடிவாயிற்று.

சோடா விஷயத்தை என் பொறுப்பில் விட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. நான் பி.எஸ்ஸி., அதிலும் பௌதிகம். ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி, உள்ளே அகப்பட்ட காற்றை நசுக்கிக் காட்டுவது என் தொழில். அழுத்தத்தை இரட்டித்தால் பருமன் பாதியாகும். பருமன் கூடாதபடி அடைத்துவைத்துச் சூடேற்றினால் அழுத்தம் ஏறும். இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்கினேன். குண்டு பயத்தில் கல்லூரியை மூடிவிட்டதால் அந்தச் சித்திரையில் இதைச் சொல்ல ஆளில்லாமல் நாக்கு அரித்தது. அந்த அரிப்பில்தான் ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் தற்காப்புப் படையில் எங்கள் தெருவுக்கு வார்டனாகச் சேர்ந்தேன். தகரத் தொப்பி, கைப்பட்டை, ஒரு விசில் கொடுத்தார்கள். குண்டு விழுந்தால் எப்படிப் படுக்க வேண்டும் என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீளமாக ஒரு விசில் ஊதினால் ஆபத்து நீங்கியது என்று அர்த்தம், அதுவரை யாரும் தலை தூக்கக் கூடாது என்றும் நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ஜனங்கள் என்று சொல்கிறேனே தவிர, ஊரில் ஜனமே இல்லை. பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் ஓடிவிட்டார்கள். எங்கள் தெருவில் பத்து வீட்டில் எட்டு பூட்டு. இந்த லட்சணத்தில் கல்யாணம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. என் தங்கைக்கு இருபத்துமூன்று வயது முடிந்திருந்தது. இரண்டு இடம் பேசி, இரண்டும் கடைசி நேரத்தில் கை நழுவிப் போயிருந்தன. இரண்டாவது இடம் போன பிறகு அவள் கோவிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள். நாலு பேர் கேட்பார்கள் என்ற பயம். இந்த மூன்றாவது இடமும் போயிற்றென்றால் அப்புறம் யாரும் வாசற்படி ஏற மாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதை வாய்விட்டே சொன்னாள்.

சம்பந்தியோ, போர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார். பிள்ளை பிடிவாதமாக இருந்ததால்தான் வந்தார். முகூர்த்தத்தன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் வைத்ததும் மடியிலிருந்து நாலு ரயில் டிக்கெட்டை எடுத்து அப்பாவிடம் காட்டினார்.

"இன்னிக்கு சாயங்கால வண்டி. தாலி கட்டியாச்சுன்னா உங்க பொண்ணும் எங்களோட வருவா. அதுக்கு முன்னாடி அபாயச் சங்கு கிங்கு ஊதித்தோ, பையனை அழைச்சிண்டு நேரா எக்மோர் போயிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

அப்பா தலையை ஆட்டினார். பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார்?

சோடாக்காரர் அன்று விடியற்காலையிலேயே தள்ளுவண்டியில் கொண்டுவந்துவிட்டார். தெப்பக்குளத்துப் பக்கம் கடை. ராத்திரியே மெஷின் சுற்றி அடைத்த சரக்கு. பாட்டிலின் கழுத்தில் கோலி நின்றது. கிணற்றடி வேப்பமரத்து நிழலில் ஈர மணலைப் பரப்பி, பாட்டில்களைப் படுக்கவைத்து, மேலே நனைத்த கோணியைப் போர்த்தினார். குழந்தையைத் தூங்கவைப்பவள்கூட அவ்வளவு பதவிசாகச் செய்யமாட்டாள்.

"மணிக்கு ஒரு தபா கோணி மேல தண்ணி தெளிச்சிக்கினே இரு சாமி. வெயில் மட்டும் படக்கூடாது. வெடிச்சிடும்."

"எல்லாம் தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சா சரி," என்று சொல்லிவிட்டு என் தகரத் தொப்பியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டு மணிக்குத்தான் கவனித்தேன். அந்த மணல் அவர் கொண்டுவந்ததல்ல. தீக்குண்டு விழுந்தால் அணைப்பதற்காக வாசலில் நான் வாளி வாளியாக வைத்திருந்த சர்க்கார் மணல்! வார்டன் வீட்டிலேயே வாளிகள் காலி. மேலதிகாரி வந்து பார்த்தால் மானம் போகும். உடனே பாட்டில்களை எல்லாம் எடுத்து, சமையல்கட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த நடைபாதையில், சிமெண்டுத் தரையில் வரிசையாக நிறுத்தினேன். மணலை அள்ளி வாளிகளில் போட்டேன். நனைந்த கோணி சமையல்காரருக்கு அடுப்பிலிருந்து அண்டா இறக்க வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நடைபாதையில் வெயில் வரும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அதற்குத்தானே பி.எஸ்ஸி. படித்தது? அடுப்புக்கரி ஒன்றை எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டேன். ஈர மணலில் வெப்பம் சென்டிகிரேடு இருபத்தேழு. இருநூற்று எழுபத்துமூன்றைக் கூட்டினால் முந்நூறு. வெயிலில் நாற்பத்திரண்டு என்றே வைத்துக்கொள்வோம், அது முந்நூற்றுப் பதினைந்து. பருமன் மாறாதபோது அழுத்தமும் அதே விகிதத்தில்தான் ஏறும். நூற்றுக்கு ஐந்து. வெறும் ஐந்து! சீமையில் செய்த தடித்த கண்ணாடி நூற்றுக்கு ஐந்து தாங்காதா? படிக்காதவன் பேச்சைக் கேட்டு நாடு இப்படிக் கெட்டுக் கிடக்கிறதே என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

தங்கை தலையில் ஈரத் துண்டோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்று சுவரைப் படித்தாள்.

"அண்ணா, அந்த மனுஷன் வெயில் படக்கூடாதுன்னுதானே சொன்னார்? அவர் சொன்னபடியே வெச்சுடேன்."

"நீ மணையில போய் உட்கார்ற வேலையைப் பாரு. இது விஞ்ஞானம்."

அவள் கணக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். தங்கை கூறைப்புடவை கட்டிக்கொண்டு வந்து அப்பா மடியில் உட்கார்ந்தாள். எங்களில் அதுதான் வழக்கம்; தாலி ஏறும்போது பெண், பெற்றவர் மடியில் இருப்பாள். மாப்பிள்ளை எதிரே நின்றார். வாத்தியார் தாலியைத் தேங்காய்த் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கொடுக்கச் சுற்றிவிட்டார். தட்டு திரும்பி வந்தது. மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் கோலை ஓங்கினார். நான் வாசல் நிலையருகே தொப்பியும் விசிலுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டமார் என்று வெடித்தது.

அது எங்கிருந்து வந்தது, என்ன சத்தம் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். பயிற்சி பெற்றவன் யோசிக்க மாட்டான். "குண்டு! படுங்கோ, எல்லாரும் படுங்கோ!" என்று கத்திக்கொண்டு முதலில் படுத்தவன் நான். அடுத்தடுத்து இரண்டு, மூன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. ஒன்று வெடித்து அடுத்ததை உடைக்க, அது அதற்கடுத்ததை உடைத்தது. கண்ணாடி பறந்து சமையல்கட்டின் ஓட்டில் கலகலவென்று விழுந்தது. கூடத்தில், என் கண்ணில் பட்டவரை, நான் சொல்லிக்கொடுத்தபடியே அத்தனை பேரும் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவ்வளவு ஒழுங்கான ஒத்திகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சம்பந்தி மட்டும் படுக்கவில்லை. தன் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் முதுகைத் தாண்டி ஓடி, தோட்டத்தில் நான் வெட்டிவைத்திருந்த பதுங்குகுழிக்குள் குதித்தார். அறுபது வயதுக்காரர் என்று சொல்லவே முடியாது.

நான் தவழ்ந்து தவழ்ந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன். அங்கே தரையெல்லாம் நுரை. கண்ணாடித் துண்டுகள் வெயிலில் மின்னின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வரிசையில் ஒரு பாட்டில் வெடித்து என் சட்டையை நனைத்தது. சுவரில் நூற்றுக்கு ஐந்து என்று கரியால் எழுதினது நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

குண்டில்லை, சோடாதான் என்று உள்ளே போய்ச் சொல்லலாம். சொன்னால், பதுங்குகுழியில் சேற்றோடு உட்கார்ந்திருக்கும் சம்பந்தியை ஊரே பார்த்துச் சிரிக்கும். அந்த மனிதர் குண்டைப் பொறுத்தாலும் பொறுப்பார், சிரிப்பைப் பொறுக்க மாட்டார். பெண்வீட்டார் வேண்டுமென்றே அவமானப்படுத்தினார்கள் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடுவார். சொல்லாவிட்டாலோ, குண்டு விழுந்தது என்று டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு எக்மோர் போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் என் தங்கையின் கல்யாணம் என் கணக்கினால் நின்றது. அந்த நுரைக்கு நடுவே உட்கார்ந்து நான் அழுதேன் என்பதை இப்போதுதான் சொல்கிறேன்.

அப்போதுதான் விசில் ஞாபகம் வந்தது. வாசல் பக்கம் ஓடி, மூச்சைப் பிடித்து, நீளமாக ஊதினேன். "ஆபத்து நீங்கியது! கடல்ல போய் விழுந்துடுத்து! எல்லாரும் எழுந்திருங்கோ! முகூர்த்தம் இருக்கு, எழுந்திருங்கோ!" பொய்யை இவ்வளவு அதிகாரத்தோடு சொல்ல முடியும் என்று தகரத் தொப்பி போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சம்பந்தியைக் குழியிலிருந்து கை கொடுத்துத் தூக்கினேன். "நல்ல வேளை, நீங்க ஒருத்தர்தான் சமயோசிதமா இருந்தேள்," என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வேட்டியைத் தட்டிக்கொண்டு ஒரு சேனாபதியைப் போல உள்ளே நடந்தார். மேளக்காரர் பிளந்துகட்டினார். மாப்பிள்ளை தங்கையின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். நாத்தனார் முடிச்சுப் போட வந்தாள். அட்சதை விழுந்தது. அப்பா மடியில் உட்கார்ந்திருந்த தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் விசிலால் கல்யாணம் நடந்தது என்று எனக்கு மார்பு விரிந்தது.

பந்தி முடிந்ததும் சம்பந்தி சோடா எங்கே என்றார்.

"குண்டு அதிர்ச்சியில எல்லாம் உடைஞ்சு போயிடுத்து," என்றேன்.

"ஜப்பான்காரனுக்கு என் சோடாதான் கெடச்சுதா!" என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சிலேயே ஏப்பமும் வந்துவிட்டது. சாயங்கால வண்டியில் தங்கையை அழைத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலிப் பாட்டில் வாங்க சோடாக்காரர் வந்தார். நடைபாதையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சாமி பண்ணிக்கினே?"

நூற்றுக்கு ஐந்து கணக்கை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அது மேல கீற கேஸுக்கு சாமி. கழுத்தாண்ட எம்மாம் எடம் கீது? ஒரு வெரக்கடை, ஒரு வெரலு அகலந்தான். மிச்ச கேஸு பூரா தண்ணிக்குள்ள கீது. மெஷின் சுத்திச் சுத்தித் திணிச்சிக்கீறேன் இல்ல? தண்ணி சில்லுனு இருந்தா அடக்கி வெச்சிக்கும். சூடேறினா வெளிய வுட்டுடும். அத்தினியும் அந்த வெரக்கடை எடத்துக்கு வந்தா பாட்டில் இன்னா பண்ணும்? நீ தண்ணியக் கணக்குல சேக்கலயே!"

சேர்க்கவில்லை. நாலு வருஷமாக மாணவர்களுக்குக் காய்ந்த காற்றையே நசுக்கிக் காட்டியவனுக்குத் தண்ணீர் எப்படி ஞாபகம் வரும்? மெஷின் சுற்றுகிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்த விஷயம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு வருஷமும் சம்பந்தி குண்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் வருஷம் குண்டு எங்கள் தெருக்கோடியில் விழுந்தது. இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டுக்கு வந்தது. போர் முடிந்தபோது பந்தலையே ஓட்டை போட்டுவிட்டது. விமானத்தில் இருந்த ஜப்பான்காரனின் மீசையைக்கூடப் பார்த்திருக்கிறார். சர்க்கார் இதை வெளியே விடாமல் அமுக்கிவிட்டது என்று அவர் சொன்னால் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம், என் விசில் மட்டும் இல்லாவிட்டால் என்று என் பங்குக்குச் சேர்த்துக்கொள்வேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகிக்கொண்டு வந்தது.

நாற்பத்தாறாம் வருஷம் தீபாவளிக்கு அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கூடத்தில் கதை முடிந்து, நான் என் விசிலைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனேன். தங்கை பின்னாலேயே வந்தாள். கையில் குங்குமச் சிமிழ். மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பச்சைக் கோலியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இது எங்கேர்ந்து?" என்றேன்.

"முதல் பாட்டில் வெடிச்சதே, அதுலேர்ந்து. நடை வழியா உருண்டு வந்து என் கால்கிட்ட நின்னுது. நான் அப்பா மடியில உட்கார்ந்திண்டிருந்தேன். அதனால என்னாலயும் படுக்க முடியலே, அப்பாவாலயும் படுக்க முடியலே. கோலியைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுடுத்து. யாரும் பார்க்கறதுக்குள்ள கால் வெச்சு மூடினேன். நிமிர்ந்தா, அவர் பார்த்திண்டிருக்கார்."

"மாப்பிள்ளையா? அவர் படுக்கலையா?"

"பாதி குனிஞ்சிருந்தார். 'சோடாவா?'ன்னு கேட்டார். 'ஆமாம், அண்ணா கணக்குப் போட்டு வெயில்ல வெச்சது'ன்னேன். சிரிச்சார். வாத்தியார் தட்டோட கவிழ்ந்து கிடந்தார். தட்டுலேர்ந்து தாலியை எடுத்து அப்பவே கட்டிட்டார். நாத்தனார் குழியில இருந்தா, அதனால மூணு முடிச்சும் அவரே போட்டார். மேளம் இல்லே, மந்திரம் இல்லே. நீ வெச்ச சோடாதான் வெடிச்சிண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிண்டு ராமராமான்னு சொல்லிண்டிருந்தார், அவருக்குக்கூடத் தெரியாது."

"அப்போ நான் விசில் ஊதினது?"

"அது அப்புறம். தன்னோட அப்பா பார்க்கணுமேன்னு அவர் மறுபடியும் முடிச்சைப் பிடிச்சிண்டு நின்னார். நாத்தனார் இருந்த பதட்டத்துல, ஏற்கெனவே போட்ட முடிச்சைத் தொட்டுட்டுப் போயிட்டா."

நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரம், சோடாதான் என்று தெரிந்ததும் நிதானமாகச் செய்திருக்கலாமே என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். 'எங்கப்பா எழுந்து வந்தா என்னை ரயிலுக்கு இழுத்திண்டு போயிடுவார். உங்கண்ணா எழுந்து வந்தா இன்னும் ஏதாவது பண்ணிடுவார். ரெண்டு பேரும் வர்றதுக்குள்ள கட்டிடணும்னு தோணித்து'ன்னார்."

கூடத்தில் சம்பந்தியின் குரல் கேட்டது. ஜப்பான் விமானம் இன்னொரு தடவை மயிலாப்பூருக்கு மேலே தாழ்ந்து பறந்துகொண்டிருந்தது. என் கையில் கோலி குளிர்ந்திருந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் என் தங்கையை அந்த மனிதர் எவ்வளவு வேண்டும் என்று நினைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"உன்கிட்ட குடுத்தா வெயில்ல வெப்பே," என்று வாங்கி, சிமிழுக்குள் போட்டு மூடிக்கொண்டு உள்ளே போனாள்.